குரும்பலூரில் அப்பா குடித்த மோர்

எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலம் சோற்றுத் தட்டு வழியாகத்தான் நுழைந்தது. அழைத்து வந்தவள் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எழுபதுகளின் பின்பாதி அது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். அந்த வருஷம் வைகாசியில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தபோது, அத்தை மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள்.

அத்தை நடை பழகுவதற்கு முன்பே அவளைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஓடுவது, பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை வாங்குவது எல்லாம் அப்பாவின் வேலை. அவளுடைய வாழ்க்கையில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் அடுத்த தெருவில் இருந்த பெரியப்பாவின் வேலை. இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததாகத் தெரியவில்லை. மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அத்தைக்கு டீச்சராக வேண்டும். அதற்கு டிரெயினிங் போக வேண்டும். டிரெயினிங் போக எஸ்.எஸ்.எல்.சி. தேற வேண்டும். புரட்டாசியில் மறுபடியும் எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கட்டுரையிலும் கடிதத்திலும் அவள் குறை வைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டையும் குடியையும் வைத்துப் பேசும் சொல்வழக்குகள் கேள்வித்தாளில் ஒரு பகுதியாக வந்திருந்தன. அதில்தான் கவிழ்ந்துவிட்டாள். அந்தப் பகுதியை அவள் விரோதியைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம், முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களோடு கைடைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"வெறும் வயித்துல படிச்சா இதெல்லாம் ஏறாது அண்ணி. சோத்தோட சேத்துத்தான் உள்ள தள்ளணும்" என்றாள் அம்மாவிடம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சும்மா சாப்பிட முடியாமல் போயிற்று. என் தம்பி தட்டில் ஒரு கைப்பிடி சோற்றை ஒதுக்கி வைத்தால், அத்தை அவன் எதிரில் குந்திக்கொண்டு "ஈட் அப்!" என்பாள். மிச்சம் வைக்காமல் தட்டைக் காலி செய் என்று அர்த்தம். டம்ளரில் பால் மிச்சமிருந்தால் "ட்ரிங்க் அப்!" என்பாள். ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அணில் முந்திரிப்பழத்தைக் கொறித்தால் அதற்கு "நிபிள்". சாப்பாட்டில் மனமில்லாமல் சோற்றை விரலால் கிளறிக்கொண்டே இருந்தால் "பிக் அட்". அத்தை அதை நடித்துக் காட்டும்போது முகத்தை அவ்வளவு சோகமாக வைத்துக்கொள்வாள், தம்பிக்கு அழுகை வந்துவிடும். ஓநாய் மாதிரி அவசர அவசரமாக விழுங்குவதற்கு "வுல்ஃப் டவுன்". இதற்கு மட்டும் நடிப்பே தேவைப்படவில்லை. பெரியப்பா சாப்பிடுவதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும். இலையில் விழுவதற்கும் வாய்க்குள் போவதற்கும் நடுவில் அவர் நேரமே விடமாட்டார்.

கேள்வி கேட்டுத் திருத்தும் உத்தியோகம் என்னுடையது. எனக்கு ஒன்பது வயது. கைடில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அத்தை அர்த்தம் சொல்வாள். சரியாகச் சொன்னால் அவள் முதுகில் ஒரு தட்டு, தப்பென்றால் அவள் பங்கு முந்திரிப்பருப்பில் ஒன்று எனக்கு. ஆரம்பத்தில் நான் நன்றாகவே கொழுத்தேன். போகப் போக வருமானம் குறைந்துவிட்டது.

எல்லாவற்றையும் அத்தை அப்படியே ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். அளவில்லாமல் சாராயம் குடிக்கிறவனை மீன் மாதிரி குடிக்கிறான் என்று சொல்வார்களாம். அத்தை என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கெண்டை மீன்களை வெகுநேரம் பார்த்தாள். "அது குடிக்குதா கொப்புளிக்குதான்னே தெரியல. இத நம்பி எப்படி எழுதுறது?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள நேர்ந்தால் 'சொன்னதைத் தின்பது' என்று சொல்வார்களாம். இதற்குக் காட்ட எங்கள் வீட்டில் ஆள் கிடைக்கவில்லை. அதை ஓரமாக ஒதுக்கி வைத்தோம்.

முதலில் எரிச்சல்பட்ட அம்மாவும் கொஞ்ச நாளில் சேர்ந்துகொண்டாள். "என்னமோ வெள்ளைக்காரந்தான் வாயாலயே வாழ்ந்த மாதிரி! நம்ம ஊருல மட்டும் என்னவாம்? கவல ஆளத் தின்னுது, புள்ளைங்க தலையத் தின்னுதுங்க, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்ப ஏப்பம் வுட்டுடுறான்" என்று சட்டியைத் தேய்த்துக்கொண்டே அடுக்கினாள். அத்தை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அந்தப் பகுதி அவளுக்கு விரோதியாக இல்லை.

இத்தனை ரகளைக்கும் நடுவில் அப்பா மட்டும் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். சாப்பாடு அவருக்குப் பெரிய சந்தோஷம். கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்திருக்கும் பந்திக்குச் சமையல்காரர்களே வந்து நின்று பார்ப்பார்கள், ரசித்து ரசித்து அப்படிச் சாப்பிடுவார். வீட்டில் நாங்கள் 'ஈட் அப்', 'வுல்ஃப் டவுன்' என்று கத்திக்கொண்டிருக்கும்போது, காது கேட்காதவர் போலக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்.

ஆனி மாதம் பெரியப்பா ஒரு சம்பந்தத்தோடு வந்தார். குரும்பலூரில் வசதியான குடும்பம். மாப்பிள்ளைக்குச் சிமெண்டு ஆலையில் வேலை. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் வந்து அத்தையைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அந்த அம்மா நல்ல மாதிரி. ஆனால் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "படிச்சதெல்லாம் போதுங்க. மாடு கன்னு கெடக்கு, எனக்கும் முடியல. ஆவணியிலயே முடிச்சுடுவோம்." ஆவணியில் கல்யாணம் என்றால் புரட்டாசியில் பரிட்சை கிடையாது. பெரியப்பா உடனே தலையாட்டிவிட்டார். போதாததற்கு அவர், "இந்தப் புள்ள இங்கிலீஷுல பாஸ் பண்ணிட்டா நான் மீசைய எடுத்துடுறேன்" என்று ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அடுத்ததாக நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் இலை போடுவார்கள். பெண்ணுக்குப் பொறுப்பானவர் அந்தச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். 'கை நனைச்சாச்சு' என்று அன்றைக்கே செய்தி பரவிவிடும். அப்புறம் பின்வாங்கினால் ஊரில் தலை காட்ட முடியாது. தண்ணீரோ காப்பியோ குடித்தால் அது கணக்கில் வராது. அத்தை விஷயத்தில் பெரியப்பா எத்தனை வாய் சாப்பிட்டாலும் போதாது. வளர்த்தவர் என்பதால் அப்பாவின் கை நனைய வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு இங்கிலீஷ் எதுவும் பேசவில்லை.

"அண்ணே, பரிட்ச ஒண்ண மட்டும் எழுதிடுறேண்ணே. அப்புறம் நீங்க யாரக் கைகாட்டுறீங்களோ கழுத்த நீட்டுறேன்."

அப்பா தட்டைப் பார்த்தபடியே, "பெரியண்ணன் சொல்லிட்டாரே, பாப்பா" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொழம்பு இருந்தா ஊத்து" என்றார். அத்தை ஊற்றிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். எனக்கு அப்பாவின் மேல் கோபமாக வந்தது. இவருக்குக் குழம்புதான் பெரிசு என்று நினைத்தேன்.

பெரியப்பா, பெரியம்மா, அப்பா என்று மூன்று பேர் போவதாக இருந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று பெரியம்மா சொன்னாள். தம்பி பஸ்ஸில் வாந்தி எடுப்பான். அம்மா வந்தால் அவனும் வருவான். அதனால் நாலாவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். அத்தை எனக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அங்க யாரு எப்படிச் சாப்பிடுறாங்கன்னு பாத்துட்டு வந்து எனக்கு இங்கிலீஷ்ல சொல்லணும், என்ன? உங்கப்பாவ முக்கியமாப் பாரு." எனக்கு ஒரே பெருமை. பரிட்சைக்குத்தான் தயார் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் அப்பா பழையது வேண்டாம் என்றார். "போற எடத்துல விருந்துல்ல, வயித்தக் காலியா வச்சுக்கிறாரு" என்று அம்மா சிரித்தாள். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறி, குரும்பலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஷிப்டில் இருந்ததால் அவருடைய அப்பாவும் அம்மாவும் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்கள். தாளித்த நெய் வாசனை தெருவிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டது.

இலை போட்டார்கள். பருப்பும் நெய்யும், வாழைக்காய் வறுவல், வடை, அப்பளம், சேமியாப் பாயசம். அவர்கள் பரிமாறி முடிப்பதற்குள் பெரியப்பா 'வுல்ஃப் டவுன்' செய்ய ஆரம்பித்தார். பெரியம்மா அந்நிய வீடு என்பதால் அப்பளத்தின் ஓரத்தை 'நிபிள்' செய்துகொண்டிருந்தாள். நான் அத்தனையையும் மனதில் குறித்துக்கொண்டு, கூடவே பாயசத்தையும் கவனித்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பாவின் இலையில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மன்னிக்கணுங்க. எனக்கு வயிறு சரியில்ல. ஒரு டம்ளர் மோர் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

பெரியப்பாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவர் சாப்பாட்டின் நடுவில் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய், "ஒரே ஒரு வாய் வச்சுக்குங்க. நீங்கல்ல அந்தப் புள்ளைய வளத்தவரு. நீங்க கை நனைக்காம எப்படி?" என்றார். அப்பா மறுபடியும் மோர் கேட்டார். அவருக்கு உதவலாம் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலிங்க."

"பாத்தீங்களா! அப்ப இது வெறும் வயித்துப் பொரட்டல்தான். ரெண்டு வாய் உள்ள போனா சரியாப் போயிடும்" என்று அந்த அம்மா ரசத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு முறைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "காலையிலேர்ந்தே சரியில்ல, அதாங்க சாப்பிடல" என்றார் அவர்.

அந்த அம்மா இலேசில் விடுகிறவர் இல்லை. மோரோடு நிற்காமல், அடுப்பைப் பற்றவைத்து, சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டு ஒரு கஷாயம் வைத்துக்கொண்டு வந்தார். வாசனையிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எதிரில் நெய்யில் மின்னும் சோற்றை வைத்துக்கொண்டு, அப்பா அந்தக் கஷாயத்தை அண்ணாந்து ஊற்றி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். இதைவிட நல்ல 'ட்ரிங்க் அப்' எனக்குக் கிடைக்காது என்று மகிழ்ந்துபோனேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும். "மருந்து குடிச்சவர வற்புறுத்தாத" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். புறப்படும்போது அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தப்பா நெனைக்கக் கூடாது. உங்க வூட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. பொரட்டாசியில எங்க புள்ளைக்குப் பரிட்ச இருக்கு, எழுதட்டும். ஐப்பசியிலயும் உங்க மனசு இப்படியே இருந்துச்சுன்னா, நானே வந்து உக்காந்து வயிறு முட்டச் சாப்பிடுறேன்."

பஸ்ஸில் பெரியப்பா கொதித்தார். "நீ கை நனைக்காம வந்துட்ட, நான் தின்னது என்ன கணக்குல போவும்? ஊரான் வூட்டுல ஓசிச் சோறு தின்னவனா ஆக்கிட்டியேடா!" அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். கிளப்புக் கடையிலிருந்து புரோட்டா வாசனை வந்தது. வயிறு சரியில்லாதவர் அண்ணன் எதிரில் எப்படிச் சாப்பிடுவார்? பன்னில் ஒரு விள்ளல் பிய்த்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

குரும்பலூர்க்காரர்கள் ஆவணியிலேயே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். பெரியப்பா எங்கள் வீட்டில் இனிமேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை புரட்டாசியில் அரியலூருக்குப் போய்ப் பரிட்சை எழுதித் தேறினாள். ரிசல்ட் வந்த அன்று பெரியப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் ஒரு தட்டு வையி" என்று உட்கார்ந்தார். அத்தை என் காதில், நாங்கள் ஆள் கிடைக்காமல் ஒதுக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். சொன்னதைத் தின்கிறவருக்கு அவளே நெய் ஊற்றினாள். பிற்பாடு அவள் டீச்சராகி, ஹெட்மிஸ்ட்ரஸாகி, எத்தனையோ பிள்ளைகளுக்கு இங்கிலீஷைச் சோறு போலப் பிசைந்து ஊட்டினாள். மாப்பிள்ளையையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவளைப் போல ஒரு தைரியசாலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தவை. என் கண்ணுக்குள் நிற்பது குரும்பலூரிலிருந்து திரும்பி வந்த அந்தச் சாயங்காலம்தான். அத்தை விளக்கேற்றி வைத்துவிட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய், வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு வந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"பெரியப்பா வுல்ஃப் டவுன். பெரியம்மா நிபிள். நான் பாயசம் ஈட் அப், ரெண்டு தடவ."

"உங்கப்பா?" என்றாள் அத்தை.

"அப்பா ட்ரிங்க் அப். மோரும் கஷாயமும். சோத்துல கையே வைக்கல. பிக் அட்கூடப் பண்ணல."

அத்தை உள்ளே ஓடித் தட்டை எடுத்து வைத்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து, எதுவும் நடக்காதது போலத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். வீட்டில் மத்தியானத்துச் சோறும் கத்தரிக்காய்க் கடைசலும்தான் இருந்தன. அத்தை போடப் போட அப்பா சாப்பிட்டார். சமையல்காரர்கள் வந்து பார்ப்பார்களே, அந்தச் சாப்பாடு. "வயிறு சரியில்லன்னீங்களேப்பா?" என்று கேட்டேன். "சரியாப் போச்சு" என்றார்.

கடைசிப் பருக்கையையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் தட்டைத் தூக்கி, பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டை நீட்டுவதுபோலத் தங்கையிடம் சாய்த்துக் காட்டினார்.

"ஈட் அப்பு. சரியா பாப்பா?"

அத்தை தாவணித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தப்பாகச் சொல்லியிருந்தாலாவது அழலாம். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை, விடை அத்தனை சுத்தமாக இருந்தது. பாவம், அப்பா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அத்தை பேசுகிற நிலையில் இல்லை. திருத்துகிற உத்தியோகம் என்னுடையதுதானே என்று நானே எழுந்து போய், "சரிதாம்ப்பா" என்று சொல்லி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.